மெஷின் மேல் போட்ட பழி

அத்தியாயம் 17

இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு சீதாலெட்சுமி அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். கழற்றியதை மற்றச் செருப்புகளோடு விடாமல், தனியாக, கேட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். வந்த காரியம் முடிந்ததும் ஒரு நிமிடம்கூட உட்காரப் போவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக வாயால் சொல்ல முடியாது.

"வா சீத்தா. ரயில்ல கூட்டமா?" என்றாள் அவள் அண்ணி அமுதவள்ளி.

"சனிக்கிழமைதானே. உட்கார இடம் கிடைச்சது."

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானுக்கு ஒரு மணி நேரத்துப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க இவளுக்கு இருபத்தெட்டு வருடம் பிடித்திருக்கிறது என்று அமுதவள்ளி நினைத்துக்கொண்டாள். நினைத்ததைச் சொல்லவில்லை. இன்றைக்கு வாயைக் கட்டி வைப்பது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

சென்ற வாரம் அமுதவள்ளியின் மகன் ரிஷி தன் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து அத்தை சீதாலெட்சுமியிடம் கொடுத்ததும், அத்தை அதைத் தட்டோடு திருப்பித் தந்ததும் வாசகர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்த சகோதரி இல்லையென்றால், மூன்றாவது முடிச்சுப் போட அப்பாவின் தங்கைதான் மேடைக்கு வரவேண்டும். அது அவர்கள் குடும்ப வழக்கம். ரிஷிக்கோ கூடப் பிறந்தவர்கள் கிடையாது. "உங்கம்மா அந்தச் சிவப்புப் பெட்டிக்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் நான் மேடைக்கு வரேன்" என்று சீதாலெட்சுமி சொல்லி அனுப்பிவிட்டாள்.

சிவப்புப் பெட்டிக்குள் இருந்தது ஒரு காசுமாலை. தொண்ணூற்றாறில் சீதாலெட்சுமியின் கல்யாணத்துக்கு அவள் அம்மா புஷ்பவல்லி செய்து போட்டது. மணப்பெண் அறையின் சாவி, வீட்டுக்கு வந்து ஒரு வருடமே ஆன மருமகள் அமுதவள்ளியிடம் இருந்தது. காலையில் முகூர்த்தம் முடிந்தது. மாலை வரவேற்பில் போடுவதற்காகப் பெட்டியைத் தேடினால் காணோம்.

"பெட்டிய அத்தை கையில கொடுத்தேன்" என்றாள் அமுதவள்ளி, மாமியாரைக் காட்டி.

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்றாள் புஷ்பவல்லி. சாகிற வரைக்கும் அதையேதான் சொன்னாள்.

யாரும் போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தால்கூடத் தேவலை. கிள்ளான் முழுக்க உறவுக்காரர்கள் வாயிலேயே வழக்கு நடந்து, வாயிலேயே தீர்ப்பும் ஆனது. அதற்குப் பிறகு எந்தச் சொந்தக்கார வீட்டு விசேஷத்துக்கு அமுதவள்ளி போனாலும், யாராவது ஒருத்தி சத்தமில்லாமல் எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைப் பூட்டுவாள். பூட்டுகிற சத்தம் கேட்காத மாதிரி இவளும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வருவாள்.

ஆனால் அவளுக்கு ஒன்று நினைவிருந்தது. பெட்டியைக் கொடுத்த அந்த நேரத்தில் வீடியோக்காரரின் விளக்கு அவள் முகத்தில் சுட்டது. அது கேசட்டில் இருந்தாக வேண்டும். கேட்டபோதெல்லாம், "கேசட்ட யாரோ வாங்கிட்டுப் போய்த் தொலைச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டார் அவள் கணவர் பரமேஸ்வரன். இரண்டு வாரத்துக்கு முன் ரிஷி குத்துவிளக்கைத் தேடி ஸ்டோர் அறையைக் கலைத்தபோது, தொலைந்துபோன அந்தக் கேசட் பழைய போர்வைக்குள்ளிருந்து விழுந்தது.

இன்று அதைப் போடப் போகிறார்கள்.

* * *

போடுவது என்று சொல்வது சுலபம்.

ஸ்டானிஸ்லாஸ் அங்கிள் பிரிக்ஃபீல்ட்ஸில் முப்பது வருடமாக ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கிறவர். அவர் கடையில் தூசி மூடிக் கிடந்த வீடியோ பிளேயரைத் துடைத்து, ரிஷியிடம் இரவல் கொடுத்திருந்தார். அந்த மெஷினை வடிவமைத்த மகானுபாவன் எந்த ஊர்க்காரனோ, அவன் வீட்டில் அவன் தயாரித்ததை அவனே பயன்படுத்தியிருக்க மாட்டான் என்பது மட்டும் நிச்சயம்.

முன்பக்கம் நட்டநடுவில் ஒரு பெரிய பொத்தான். கட்டைவிரல் அளவு. பார்த்தாலே அமுக்கத் தோன்றும். அது படம் ஓடுவதற்கான பொத்தான் அல்ல, பதிவு செய்கிற பொத்தான். படம் ஓட்டுகிற பொத்தான், கீழே ஒரு மூடிக்குள், அரிசி மணி அளவில் வரிசையாக இருக்கிற ஒன்பது பொத்தான்களில் ஒன்று. கறுப்பு மேல் கறுப்பு எழுத்து. டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். ரிமோட்டோ அதற்கு அப்பன். ஐம்பது பொத்தான், அத்தனையும் ஒரே அளவு, நிறுத்துகிற பொத்தான் மட்டும் அதில் கிடையாது.

"நிறுத்தணும்னா என்ன அங்கிள் பண்றது?" என்று ரிஷி கேட்டதற்கு, "மூடியத் திறந்து ஓரத்துல உள்ளத ரெண்டு தடவை அமுக்கணும். ஒரு தடவை அமுக்கினா கேட்காது. அது அப்படித்தான்லா" என்று ஸ்டானிஸ்லாஸ் சிரித்தாராம்.

வீட்டிலிருந்த புது டிவியில் பழைய வயர் சொருக ஓட்டையே இல்லை. அதற்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு குட்டிப் பெட்டி வாங்கி இடையில் மாட்டினான் ரிஷி. மஞ்சள் வயர் அதில் நிற்கவில்லை. கையால் அழுத்திப் பிடித்தால் படம் தெரிந்தது, விட்டால் போனது. ஒன்பது மணியிலிருந்து அவன் டிவிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் திட்டிக்கொண்டிருந்தான். தமிழில் திட்டினால் அம்மா கேட்டுவிடுவாளே.

பரமேஸ்வரன் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போர்ட் கிள்ளான் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் சரக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். தங்கை வந்து எதிரில் உட்கார்ந்ததும், "நல்லாயிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

"பழச ஏன் கிளறணும்?" என்று இரண்டு வாரமாக அமுதவள்ளியிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், இன்று காலையில் அதைக்கூடச் சொல்லவில்லை.

"கிளறினாத்தான் எனக்கு விடியும்" என்று அவள் நேற்றே சொல்லி முடித்துவிட்டாள்.

அவளுக்குப் பயமும் இருந்தது. விளக்கு முகத்தில் சுட்டது உண்மையா, இல்லை இத்தனை வருடம் நினைத்து நினைத்துத் தானாகச் சேர்த்துக்கொண்டதா? கேசட்டில் அது இல்லாவிட்டால்?  கை இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கிறியா சீத்தா?"

"கொண்டு வந்திருக்கேன்." சீதாலெட்சுமி கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

சுருக்கென்றது. அமுதவள்ளி அதையும் விழுங்கிக்கொண்டாள்.

* * *

"வந்திருச்சு! வந்திருச்சு! யாரும் மூச்சு விடாதீங்க!" என்று டிவிக்குப் பின்னாலிருந்து ரிஷி கத்தினான்.

முதலில் நீலத் திரை. வெகுநேரம் நீலம். கேசட் சுற்றுகிறதா, செத்துவிட்டதா என்று சொல்ல அந்த மெஷினில் ஓர் அடையாளமும் கிடையாது. பிறகு திடீரென்று நாதஸ்வரம் அலறியது. இரண்டு இதயம் பறந்து வந்து ஒன்றோடொன்று முட்டி, நடுவில் சீதாலெட்சுமியின் பெயர் விரிந்தது.

இருபத்து நான்கு வயது சீதாலெட்சுமி கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். யாரோ பூ வைத்தார்கள். சோபாவில் இருந்த சீதாலெட்சுமி தன்னையே பார்த்து ஒரு கணம் வாய் திறந்தாள். அந்த முகத்திலிருந்த விறைப்பு கொஞ்சம் இளகியது.

"எப்படி இருந்திருக்கேன் பாரு" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

ஆறேழு நிமிடம் பூவும் பொட்டுமாக ஓடியது. பிறகு பூ வைக்கிறவர்கள் மணப்பெண்ணை மறைக்க, கேமரா கதவுப் பக்கம் திரும்பியது; அறைக் கதவு திறந்தது. உள்ளே வந்தது அமுதவள்ளி. மெலிந்த உடம்பு, ஊதாப் பட்டு. கையில் சிவப்புப் பெட்டி.

சீதாலெட்சுமி திரையை நோக்கி விரலை நீட்டினாள்.

"பார்த்துக்குங்க" என்றாள் சீதாலெட்சுமி. "பெட்டி யார் கையில இருக்குன்னு எல்லாரும் பார்த்துக்குங்க."

"இன்னும் பாரு. முழுசாப் பாரு!"

திரையிலிருந்த அமுதவள்ளி கண்ணைச் சுருக்கினாள். விளக்குச் சூடு. சத்தியமாக விளக்குச் சூடுதான். இவளுக்கு அழுகை முட்டியது. திரையிலிருந்தவள் பெட்டியை முன்னால் நீட்டினாள். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டின் கரை தெரிந்தது.

"அதோ! உங்கம்மா! உங்கம்மா பச்சைதானே கட்டியிருந்தாங்க?"

சீதாலெட்சுமி முன்னால் குனிந்தாள். பச்சைக் கரை இன்னும் ஓர் அங்குலம் உள்ளே வந்தது. ஒரு கை நீண்டது.

கோடு கோடாக விழுந்து, படம் சுருண்டு, நீலத் திரை வந்தது. மெஷினுக்குள் கேசட் பின்னோக்கிச் சுற்றும் சத்தம் கேட்டது.

"என்னடா ஆச்சு!"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா! வயரக்கூட விடல!"

ரிஷி ஸ்டானிஸ்லாஸைக் கூப்பிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹெட்ல, டேப்பப் படிக்கிற இடத்துல, அழுக்கு தம்பி" என்றார் அவர். "படம் கொஞ்சம் கெட்டாலே அந்த மெஷின் தானா நின்னு, முதலுக்கே திரும்பிச் சுத்திடும். பார்மசில ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கித் துடைச்சிட்டுப் போடு. கிளீனா வரும். கேசட்டுக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாத."

ஒவ்வொரு கோளாறுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற அந்தக் குணத்தை மனிதர்களிடம் பார்த்திருக்கிறாள் அமுதவள்ளி. மெஷினிலும் வைப்பார்கள் என்று நினைக்கவில்லை.

ரிஷி மஞ்சள் வயருக்கடியில் மடித்த அட்டையைச் செருகி நிற்க வைத்தான். "பார்மசி போயிட்டு வரேன். இந்தத் தடவை போன்லயும் பிடிச்சிடுவேன். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க. அம்மா, ப்ளீஸ்."

"நான் ஏன்டா தொடப் போறேன்?"

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

"ஒரு கைதான் தெரிஞ்சது" என்றாள் சீதாலெட்சுமி. "அது யார் கைன்னு தெரியாது."

"அடுத்த நிமிஷம் தெரியும்."

"தெரிஞ்சா சரி அண்ணி. தெரியலன்னா நான் நேரா ரயில் ஸ்டேஷனுக்குப் போறேன். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

அமுதவள்ளி அடுப்படிக்குப் போனாள். யாரும் குடிக்கப் போகாத தேத்தண்ணீருக்குத் தண்ணீரை வைத்தாள். கை எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் நிற்க முடியும் போலிருந்தது. இன்னும் கால் மணி நேரம். அந்தக் கை அத்தையின் கை. நடுவிரலில் நெளி மோதிரம் இருக்கும். படம் துலங்கினால் அந்த மோதிரமும் துலங்கும். அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கதவும் அவள் முகத்தைப் பார்த்துப் பூட்டிக்கொள்ளாது.

பால் டின்னைத் திறக்கும்போது கூடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து மெஷின் முனகுகிற சத்தம்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பரமேஸ்வரன் மெஷின் முன்னாலிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். டிவியில் நீலம்.

"என்னங்க பண்ணீங்க?"

"வருதான்னு போட்டுப் பார்த்தேன்." அவர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

"தொடக் கூடாதுன்னு புள்ள சொல்லிட்டுத்தானே போனான்!"

"சும்மா இருக்கட்டும் விடுங்க" என்றாள் சீதாலெட்சுமி. "முதல்லயும் இப்படித்தானே வெகுநேரம் நீலமா இருந்துச்சு. இப்ப வரும்."

வரும் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலம் நீலமாகவே இருந்தது. கேசட் சுற்றுவது மட்டும் கேட்டது. நிறுத்தலாமென்றால், தொட்டால் இன்னும் என்ன ஆகுமோ என்று அமுதவள்ளிக்குப் பயம். மகன் வரட்டும். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றுகிற சத்தம் கேட்டது. அவள் போகவில்லை. கண்ணை எடுத்தால் அந்த நொடியில்தான் படம் வரும், மோதிரம் வந்துவிட்டுப் போய்விடும் என்று தோன்றியது.

பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ரிஷி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். மெஷினைப் பார்த்தான். தரையில் மண்டியிட்டு மூடியைத் திறந்தான். உள்ளே, யார் கண்ணுக்கும் படாத ஓரத்தில், கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ! ரெக்கார்ட் ஆகுது! யார் அமுக்கினது?"

அவன் ஓரப் பொத்தானை அமுக்கினான். நிற்கவில்லை. மறுபடி அமுக்கினான். அவசரத்தில் எது எத்தனை தடவை என்று கணக்குத் தப்பியது. கடைசியில் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினான்.

முனகல் நின்றது.

"ரெக்கார்ட்னா?" என்றாள் அமுதவள்ளி.

"உள்ள படம் கொண்டு வர்ற வயர் எதுவும் இல்லம்மா. வெறும் நீலத்த எடுத்து அதுமேல எழுதிருக்கு. இருந்தத அழிச்சிட்டு எழுதிருக்கு."

* * *

பிளக்கை மறுபடி சொருகி, ஸ்பிரிட்டால் துடைத்து, டார்ச் அடித்துச் சரியான பொத்தானைத் தேடி அமுக்கினான் ரிஷி. நீலம். ஐந்து நிமிடம் நீலம். பத்து நிமிடம் நீலம். பதினோராம் நிமிடத்தில் பொட்டென்று மண்டபம் வந்தது. கெட்டிமேளம் கொட்டியது. படம் பளிச்சென்று இருந்தது. மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியும் இல்லை, கதவும் இல்லை, ஊதாப் பட்டும் இல்லை. அமுதவள்ளி பெட்டி கொடுத்ததற்கு இந்த உலகத்திலிருந்த ஒரே சாட்சி இப்போது இல்லை.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"மெஷின் சரியில்ல" என்றார் பரமேஸ்வரன். "பெரிய பொத்தான வச்சிருக்கான். யார் பார்த்தாலும் அதத்தான் அமுக்குவாங்க."

சீதாலெட்சுமி எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. உங்க வீடு, உங்க மெஷின், உங்க கேசட். பெட்டியோட உள்ள வந்தது வரைக்கும் காட்டிட்டு, அடுத்தது மட்டும் அழிஞ்சு போச்சு. என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சு இந்த நாடகம் எதுக்கு அண்ணி?"

"நாடகமா?"

"அண்ணனுக்கு டிவி சேனல் மாத்தக்கூட ரிஷி வேணும். அவரா போய் அமுக்குவாரு? யாரோ சொல்லிக் கொடுக்காம?"

"சீத்தா, வாயை அடக்கு!"

"அத்தை, இருங்க. அம்மாவ அப்படிச் சொல்லாதீங்க." ரிஷி போனை எடுத்தான். "அங்கிள், அழிஞ்சத திரும்ப எடுக்க முடியுமா?"

ஸ்பீக்கரில் ஸ்டானிஸ்லாஸ் திருப்பிக் கேட்டார்.

"அது எப்படி அழியும் தம்பி? கல்யாண கேசட்தானே? வீடியோக்காரங்க அந்த முதுகுல இருக்கிற சின்னப் பிளாஸ்டிக்க உடைச்சிட்டுத்தான் கையில கொடுப்பாங்க. அது இல்லன்னா எந்த மெஷின்லயும் ரெக்கார்ட் ஆகாது. நீ பெரிய பொத்தான நாள் பூரா அமுக்கினாலும் ஆகாது. அதனாலதான் நான் தைரியமா அந்த மெஷினக் கொடுத்தேன். கேசட்ட வெளிய எடுத்துப் பாரு. முதுகுல இடது ஓரம், ஒரு ஓட்டை இருக்கும்."

ரிஷி கேசட்டை வெளியே எடுத்தான். திருப்பினான்.

"ஓட்டை இருக்கு அங்கிள். மேல செலோடேப் ஒட்டியிருக்கு."

"அப்ப சரி. அந்த ஓட்டைய அடைச்சா மெஷின் ஏமாந்துரும். பழைய கேசட்ல மறுபடி எதையாவது பதியணும்னா அந்தக் காலத்துல எல்லாரும் பண்றதுதான். ஆனா செலோடேப் பழசா, புதுசா பாரு. பழசுன்னா மஞ்சளாகி உதிர்ந்துருக்கும்."

ரிஷி கேசட்டை டிவி பக்கம் சாய்த்தான். டிவி வெளிச்சத்தில் அந்தச் செலோடேப் கண்ணாடி மாதிரி மின்னியது.

"அப்புறம் கூப்பிடுறேன் அங்கிள்" என்று போனை அணைத்தான்.

"பார்த்தியா ரிஷி?" என்றாள் சீதாலெட்சுமி. அவள் குரலில் வெற்றி இல்லை. உண்மையிலேயே மனம் நொந்துபோன குரல். "புதுசா ஒட்டியிருக்காங்க. அந்த மாலை எங்கம்மா எனக்குன்னு செஞ்ச ஒரே நகை. போனது போகட்டும்னு நான் வந்தேன். இப்படிப் பண்ணுவீங்கன்னு நினைக்கல."

அமுதவள்ளி மகன் கையிலிருந்து கேசட்டை வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஓட்டையைவிட ஒரு சுண்டுவிரல் அகலம் அதிகமாக, கத்தரியால் நேராக வெட்டி ஒட்டியிருந்தது. ஒரு முனை மட்டும் உட்பக்கமாக மடித்திருந்தது, பிறகு உரிக்கிறவர் நகத்தால் சுரண்டிச் சிரமப்படக் கூடாதென்று. கிடங்கில் முப்பத்தைந்து வருடம் பெட்டி பெட்டியாக ஒட்டியவரின் கைப்பழக்கம் அது. இந்த வீட்டில் மாவு டின்னிலிருந்து மருந்து உறை வரைக்கும் அவர் ஒட்டியது எல்லாமே அந்த மடிப்போடுதான் இருக்கும். போன மாதம் பத்திரிகை உறைகளை ஒட்டும்போது, "இவ்வளவு நேரம் எடுத்து மடிக்கணுமா?" என்று இவளே கேலி செய்திருக்கிறாள்.

அமுதவள்ளி தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தாள்.

அவர் பார்த்தது ஒரே ஒரு கணம். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, பேசாதே என்ற கெஞ்சல். பிறகு அவர் கண்கள் தரைக்குப் போய்விட்டன.

மெஷினின் மேல் பழியைப் போட்டுவிட்டு இவர் தேத்தண்ணீர் குடித்திருப்பார். மெஷினைப் பற்றி யாரும் வழக்குப் பேசப் போவதில்லை. மெஷின் தாங்கும். அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருடம் அந்தப் பழியை அவள் தாங்கினாள். தினமும் அவர் முன்னால் தட்டை வைத்துச் சோறு போட்டுக்கொண்டே தாங்கினாள். அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இப்படி ஒரு கோபம் தனக்குள் இருப்பது அவளுக்கே தெரியாது.

மடித்த முனையைப் பிடித்து இழுத்தாள். செலோடேப் சிரமமே இல்லாமல் உரிந்து வந்தது. நேராக நடந்து போய், நாற்காலிக் கைப்பிடியில் இருந்த கணவரின் புறங்கையில் அதை ஒட்டினாள்.

"இது உங்க கைவேலை" என்றாள். "உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லுங்க."

சீதாலெட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். மடிப்பைப் பார்த்தாள். அவளும் அந்தக் கையோடு வளர்ந்தவள்தானே. அவளது பள்ளிப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டு ஒட்டித் தந்தது யார்?

"அண்ணே?"

பரமேஸ்வரன் செலோடேப்பை உரிக்கவில்லை. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அமுதா கொடுத்தா. அம்மா வாங்கினாங்க. வாங்கி என்கிட்ட கொடுத்தாங்க. பின்னாடி நான்தான் நின்னேன். கேமரா திரும்பினப்போ நானும் விழுந்திருப்பேன்."

"நீங்களா?" ரிஷியின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. அவங்க செத்த பிறகு சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"வித்துட்டீங்களா?" என்றாள் சீதாலெட்சுமி. காற்றில் கரைகிற குரல்.

"இல்ல சீத்தா. அது எங்கயும் போகல. இந்த வீட்லதான் இருக்கு."

அமுதவள்ளி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று அறை, ஒரு கூடம், ஒரு ஸ்டோர். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஏணி போட்டு ஒட்டடை அடித்து, மூலை முடுக்கெல்லாம் கழுவிவிட்டது அவள்தான். தன்னைத் திருடி என்று ஊர் பேசக் காரணமான பொருளோடு ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருக்கிறாள்.

"எழுந்திரிங்க" என்றாள். "போய் எடுத்துட்டு வாங்க."

பரமேஸ்வரன் எழுந்தார். ஆனால் எந்த அறைப் பக்கமும் திரும்பவில்லை. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக மகனை நேராகப் பார்த்தார்.

"ரிஷி கொஞ்சம் வெளிய போகட்டும். அது ஏன், யாருக்காகன்னு அவன் முன்னாடி சொல்ல முடியாது."

ரிஷி அம்மாவைப் பார்த்தான். போவதா, நிற்பதா என்று அவளிடம் கேட்கிற பார்வை.

"அவன் இருக்கட்டும்" என்றாள் அமுதவள்ளி. "அன்னிக்கு அந்த மண்டபத்துல எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு திருடின்னு சொன்னப்போ, இவன் என் வயித்துல நாலு மாசம். அதக் கேட்டவன் இதையும் கேட்கட்டும்."